ஓட்ஸ் பால்: காபிக்குச் சரி, தயிருக்கு வேலைக்காகாது, டப்பாவில் போட்டிருக்கும் சுற்றுச்சூழல் கணக்கு எப்படி?

பெங்களூரில் அல்சூர், இந்திரா நகர் பக்கம் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் இப்போது பால் இருக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே ஓட்ஸ் பால் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் 300 ரூபாயை ஒட்டி இருக்கிறது. சில கம்பெனிகளுடையது கொஞ்சம் குறைவு, வெளிநாட்டுச் சரக்கு அதற்கும் மேலே. கர்நாடகக் கூட்டுறவுப் பாலான நந்தினி நீலப் பாக்கெட் லிட்டர் 50 ரூபாய்க்குள் வந்துவிடும். ஆறு மடங்கு விலை கொடுத்து ஏன் இதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு டப்பாவின் பின்பக்கத்திலேயே பதில் அச்சடித்திருக்கிறார்கள்: மாட்டுப்பாலைவிட, பூமியைச் சூடாக்கும் வெப்ப வாயு 70 சதவீதம் குறைவு, தண்ணீர் 90 சதவீதம் குறைவு. இதைப் படித்துவிட்டுத்தான் என் மகள் வாங்கி வந்தாள். அதனால் இந்த மதிப்புரையில் ருசியை மட்டும் சொல்லி முடித்தால் நியாயம் இல்லை. சுற்றுச்சூழலைச் சொல்லி விற்கிற பொருளை அந்தக் கணக்கிலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. நாங்கள் வாங்கிய இரண்டு மூன்று கம்பெனிச் சரக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீர், பத்து சதவீதம் போல ஓட்ஸ், கொஞ்சம் எண்ணெய், உப்பு, கால்சியம், சில வைட்டமின், அப்புறம் காபிக்கென்று தனியாக விற்கும் டப்பாவில் மட்டும் பாஸ்பேட் உப்பு ஒன்று. ஓட்ஸை ஊறவைத்து அரைத்து, அதில் உள்ள மாவுச்சத்தை நொதி போட்டு உடைக்கிறார்கள். அப்படி உடையும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் சர்க்கரை சேர்க்கவில்லை என்று போட்டிருந்தாலும் வாயில் வைத்தால் லேசாக இனிக்கிறது. சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் இதைக் கவனிக்கவும், சேர்க்கவில்லை என்பதற்கு இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

முதலில் காபி. எங்கள் வீட்டில் பாதிக்குப் பாதி பீபெரி, பிளாண்டேஷன் ஏ, சிக்கரி 20 சதவீதம், டிகாக்‌ஷன் கொஞ்சம் கெட்டியாகவே இறங்கும். சாதாரண ஓட்ஸ் பாலைச் சூடாக்கி அதில் ஊற்றினால் டம்ளரின் மேலே துகள் துகளாகப் பிரிந்து நிற்கிறது, பால் திரிந்ததுபோலவே கண்ணுக்குத் தெரிகிறது, குடிக்க மனம் வராது. காபிக்கென்று விற்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. காபியின் புளிப்பைத் தாங்குவதற்குத்தான் அந்தப் பாஸ்பேட். எண்ணெயும் அதில் கூடுதல் என்பதால் ஓரளவு கொழுப்பு நிற்கிறது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நல்ல நுரையும் வருகிறது. ருசி? முதல் வாய்க்கு ஏதோ பார்லித் தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. போகப் போக நாக்கு பழகிவிடுகிறது. கெட்டி டிகாக்‌ஷனாக இருந்து, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போட்டால் உண்மையிலேயே நல்ல காபி. காபிக்கு ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன். இஞ்சி டீக்கு மூன்று. வெல்லம் போட்டு டீ குடிப்பவர்களுக்கு ஒரு லாபம், இது திரியாது.

ஒரு விஷயம் மட்டும்: இதைப் பால் மாதிரி பொங்கவிட வேண்டாம். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி பதத்துக்குப் போகிறது. சேமியா பாயசம் வைத்துப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிக் கால் மணி நேரத்தில் கரண்டியில் இழுபடுகிற பசையாகிவிட்டது, இன்னொரு தடவை சூடான தண்ணீர் விட்டுத் தளர்த்தியும் சரிவரவில்லை. பாயசத்துக்கு நம்மிடம் தேங்காய்ப்பால் இருக்கும்போது இதைத் தேடிப் போக எந்தக் காரணமும் இல்லை.

தயிர் விஷயத்தில் பேச்சே இல்லை. என் மாமியார் பிடிவாதமாக இளஞ்சூட்டில் வைத்து, நல்ல உறைமோர் ஒரு கரண்டி விட்டு, இரவு முழுக்க மூடி வைத்தார். காலையில் மேலே புளித்த தண்ணீர், கீழே மாவுப்படிவு. "ஏம்மா, இதுல தோயறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். சரியான கேள்வி. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம்தான் புளிக்கும்போது ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு தயிராக நிற்கிறது. ஓட்ஸில் அது கிடையாது. புரதமே குறைவு. பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல், இந்த டப்பாவில் ஒரு கிராமை ஒட்டித்தான். மதியம் தயிர்சாதம், ராத்திரி மோர் என்று ஓடுகிற வீட்டில் பாலை நிறுத்திவிட்டு இதை வைத்தால் புரதத்துக்கு வேறு வழி பார்த்தாக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பதை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

இப்போது டப்பாவின் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

அந்த 70 சதவீதம் பொய்யில்லை. 2018-இல் ஆக்ஸ்போர்டின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக்கும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, 119 நாடுகள், ஏறக்குறைய 38,700 பண்ணைகள், 40 வகை உணவு. ஒரு லிட்டர் மாட்டுப்பாலுக்கு 3.15 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்ப வாயு, ஓட்ஸ் பாலுக்கு 0.9 கிலோ. தண்ணீர் அங்கே 628 லிட்டர், இங்கே 48. நிலம் 9 சதுர மீட்டருக்கு எதிராக 0.8-க்கும் குறைவு. உலகத்தில் இன்று விற்கிற பெரும்பாலான தாவரப் பால் டப்பாக்களின் பெருமைக்கு இந்த எண்கள்தான் அடிப்படை. மகள் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் அவை உலகச் சராசரி. அல்சூரில் நான் வாங்கும் பாக்கெட்டுக்கு உள்ள கணக்கு அது இல்லை.

மாடு ஏன் இந்தக் கணக்கில் வருகிறது என்றால், அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கவைக்கின்றன, அப்போது உண்டாகும் ஹைட்ரஜனை வேறு சில நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனாக மாற்றுகின்றன, அதை மாடு ஏப்பமாக வெளியே விடுகிறது. பலர் நினைப்பதுபோல் பின்பக்கமாக இல்லை, பெரும்பகுதி வாய் வழியாகத்தான். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27, 28 மடங்கு சூடேற்றும், 20 வருடக் கணக்கில் 80 மடங்கு. ஆனால் காற்றில் பன்னிரண்டு வருடம் போலத்தான் தங்கும். பெட்ரோல் புகை நூற்றாண்டுகள் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சண்டையின் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாட்டு எண்ணிக்கை ஏறாமல் நின்றால் மீத்தேனும் ஏறாமல் நிற்கும், ஆகவே அதைப் பெட்ரோல் புகையோடு ஒரே தராசில் வைக்காதே என்று ஒரு தரப்பு. சீக்கிரம் கரைகிற வாயு என்பதால்தான் அதை இப்போதே குறைத்தால் சூடு நம் காலத்திலேயே குறையும் என்று மறு தரப்பு. இரண்டும் உண்மை. எனக்கு இரண்டாவதுதான் அவசரமானதாகப் படுகிறது, ஆனால் யார் குறைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

எண்களும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2006-இல் உலக வெப்ப வாயுவில் 18 சதவீதம் கால்நடையிலிருந்து என்றது, போக்குவரத்தைவிட அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த ஒப்பீடு தப்பு என்று கலிபோர்னியாவின் ஃபிராங்க் மிட்லோனர் காட்டினார். மாட்டுக்குத் தீவனம் விளைவிப்பதிலிருந்து கணக்கெடுத்தவர்கள் வண்டிக்குப் புகைபோக்கியில் வருவதை மட்டும் எடுத்திருந்தார்கள், அவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். 2013-இல் 14.5 சதவீதம், 2023-இல் 12 சதவீதம். கால்நடை திடீரென்று சுத்தமாகிவிட்டதால் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கணக்கெடுக்கும் முறையும் மாறியது. ஆனாலும் எட்டில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயம் இல்லை, மாட்டைக் குறை சொல்வதே வெளிநாட்டுச் சதி என்று குடும்பக் குழுவில் அனுப்பிக்கொண்டிருக்கும் சித்தப்பாக்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு 19.25 கோடி, எருமை ஏறக்குறைய 11 கோடி. 2023-24-இல் 23.9 கோடி டன் பால், உலகத்தில் முதலிடம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 471 கிராம். நாட்டின் மொத்த வெப்ப வாயுவில் விவசாயத்தின் பங்கு 14 சதவீதம் போல, அதில் பாதிக்கு மேல் இந்த ஏப்பம்தான். 2021-இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் சேர்ந்து 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று உறுதிமொழி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. காரணம் பெரிய மர்மம் இல்லை, ஒன்று நெல் வயல், இன்னொன்று மாடு, இரண்டுமே சின்ன விவசாயியின் வயிற்றுப்பாடு.

நம் மாடு புல்லும் வைக்கோலும் தின்பது, அதனால் அது சுத்தம், அமெரிக்க மாடுதான் கேடு என்று நம்மில் பலர் நம்புகிறோம். லிட்டர் கணக்கில் பார்த்தால் அது தலைகீழ். வெறும் வைக்கோல் தின்று இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாடும் உயிரோடு இருப்பதற்காகவே தினமும் தின்றாக வேண்டும், ஏப்பம் விட்டாக வேண்டும். அந்த மொத்த மீத்தேனும் கொஞ்சப் பாலின் தலையில் ஏறுகிறது. உணவு வேளாண்மை அமைப்பு 2010-இல் போட்ட கணக்கில் ஒரு கிலோ பாலுக்கு வெப்ப வாயு ஐரோப்பா, வட அமெரிக்காவில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ, ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே 7.5 கிலோ. தெற்காசியா இரண்டுக்கும் நடுவில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்திரா நகரில் கண்ணாடிப் பாட்டிலில் நாட்டு மாட்டுப் பால் என்று லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள், அதிலும் பூமிக்கு நல்லது என்று எழுதியிருக்கிறது. நாட்டு மாடு வெயிலைத் தாங்கும், நோயைத் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் மீத்தேன் குறைவு என்று சொல்லி விற்றால் அது நேர்மை இல்லை.

இன்னொரு பக்கமும் அதே அளவுக்கு உண்மை. மாடு தின்பதில் பெரும்பகுதி நாம் தின்ன முடியாதது. உலக அளவில் கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் மனிதன் உண்ண முடியாதது என்று 2017-இல் அதே அமைப்பின் ஆய்வாளர்கள் சொன்னார்கள். பிரேசிலில் அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலம் ஆக்குகிறார்கள், அந்த மாட்டிறைச்சியின் கணக்கு வேறு. பெங்களூரைச் சுற்றியுள்ள கோலார், ராமநகர, தேவனஹள்ளி ஊர்களில் ராகி அறுத்த தட்டையை மாட்டுக்குப் போடுகிறார்கள், சாணி அதே வயலுக்குப் போகிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது டப்பாவில் இல்லவே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால், மர்பி டவுன் போகும் வழியில், இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தர்மபுரிக்காரர், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. டப்பாவையே கையில் கொண்டுபோய்க் காட்டினேன். கொட்டகை என்று பெயர், மேலே ஒரு பழைய விளம்பரப் பேனர், கீழே கருங்கல் தளம், ஓரமாக ராகி வைக்கோல் கட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து ஊறிக்கொண்டிருந்தது. காய்கறிக் கடைக்காரர்கள் கொடுக்கும் முட்டைக்கோஸ் மேல் இலையும் காலிஃப்ளவர் தண்டும் ஒரு மூட்டை. அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். சொன்னேன். "முந்நூறா? இதுல பயிர் வெச்சவனுக்கு எவ்ளோம்மா போகும்?" என்றார். டப்பாவில் அதற்கும் பதில் இல்லை. பால் கூட்டுறவில் நாம் கொடுக்கும் ரூபாயில் பெரும்பகுதி மாட்டுக்காரருக்குப் போகிறது, அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

மாட்டு ஏப்பத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாடு அதிகமாக ஏப்பம் விடுகிற நாள் அவருக்கே தெரியுமாம், காய்ந்த தட்டை மட்டும் போட்ட நாள். பச்சைத் தீவனமும் தாது உப்பும் சேர்த்துப் போட்டால் பாலும் ஏறும், வயிறும் உப்பாது என்றார். "ஆனா பச்சைக்கு நான் எங்க போவேன், இடம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வது என்று அவரே அடுத்த கவலைக்குப் போய்விட்டார். உழவுக்குக் காளை வேண்டாம், விற்கவும் வழியில்லை, 2020-இல் வந்த கர்நாடகப் பசுவதைத் தடைச் சட்டத்துக்கு அப்புறம் வாங்க ஆளே வருவதில்லை என்றார். வளர்க்கவும் கட்டுப்படியாகாத, பாலும் தராத மாடுகளும் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். இந்தியாவின் பால் கணக்கில் யாரும் வாய் திறக்க விரும்பாத இடம் இதுதான். பெண் கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தை அரசு பரவலாக்கப் பார்க்கிறது, அது இந்த அக்கா வரைக்கும் மலிவாக வந்து சேர்ந்தால் பல டப்பாக்கள் செய்யாததைச் செய்யும் என்று நினைக்கிறேன்.

இதில் பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓசூர் ரோட்டில் ஆடுகோடி சிக்னலைத் தாண்டும்போது நாம் கவனிக்காமல் போகிற அந்த மரம் அடர்ந்த வளாகத்தில்தான் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் இருக்கிறது. அதை ஒட்டிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1927-இல் காந்தி வந்து மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். அந்த ஊட்டச்சத்து நிறுவனத்தில்தான் 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கினார்கள், 2021-இல் செய்தியில் வந்தது. நம் நாட்டில் கிடைக்கும் துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து செய்தது. ஒரு நாளைக்கு அரைக்கிலோ கொடுத்தால் மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறைகிறது, கிலோ விலை 6 ரூபாய் அளவில் வரும் என்றார்கள். அதாவது ஒரு மாட்டுக்கு நாளைக்கு 3 ரூபாய். ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியமும் மாட்டுக்கு எது குறைகிறதோ அதைப் பார்த்துத் தீவனத்தைச் சமன்செய்யும் திட்டத்தை ஊர் ஊராக நடத்தியது, அதில் பால் ஏறி லிட்டருக்கு மீத்தேன் இறங்குகிறது. ஐரோப்பாவில் இதே வேலைக்கு 'போவேர்' என்ற மருந்துப்பொடியைத் தீவனத்தில் கலந்தபோது 2024 கடைசியில் பிரிட்டனில் சிலர் பாலைச் சாக்கடையில் கொட்டி வீடியோ போட்டார்கள். டென்மார்க் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி போடப்போகிறது, நியூசிலாந்து அப்படி ஒரு வரியை அறிவித்துவிட்டு 2024-இல் கைவிட்டது. அங்கே நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரரிடம் வரி கேட்கலாம். மர்பி டவுன் அக்காவிடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அவருக்குத் தேவை அந்த 3 ரூபாய்ப் பொடி அவருடைய பால் சொசைட்டியில் கிடைப்பது. நான் கேட்டேன், அவர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. கண்டுபிடித்த வளாகம் அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சரி, பைசா கணக்கு. ஒரு லிட்டர் பாலை விட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறினால், அந்த உலகச் சராசரியையே எடுத்துக்கொண்டாலும், மிச்சம் 2.25 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. ஆக ஒரு லிட்டர் டப்பா ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், அதற்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது 250 ரூபாய். இந்திரா நகரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஒற்றை ஆளாகக் காரில் போய் வந்தால், டின் ஃபேக்டரி நெரிசலையும் சேர்த்து, இரண்டு லிட்டருக்குக் குறையாது. 2023-இலிருந்து ஊதா லைன் மெட்ரோ அதே வழியில் முழுதாக ஓடுகிறது. மெட்ரோவுக்கான மின்சாரத்தைக் கழித்தாலும் அந்த ஒரு நாள் பயணத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் மிச்சம், கையிலும் பணம் நிற்கும். மீத்தேனும் பெட்ரோல் புகையும் ஒன்றில்லை என்று மேலே சொன்னதை மறக்கவில்லை, ஆனால் வீட்டுக்கணக்கில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் என் பதில் மெட்ரோதான். கையில் ஓட்ஸ் லாட்டேயோடு தனியாகக் காரில் உட்கார்ந்து போகிறவர்களைத் தினமும் 100 அடி ரோட்டில் பார்க்கிறேன், அவர்களிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஓட்ஸ் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தேன். இந்தியாவில் ஓட்ஸ் விளைகிறது, ஆனால் பெரும்பாலும் வட இந்தியாவில் குளிர்காலத்தில் மாட்டுக்குப் பசுந்தீவனமாக. நாம் சாப்பிடுகிற ஓட்ஸில் ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியாவது நிறைய. கப்பலில் வருவதால் மட்டும் கணக்கு கெட்டுவிடாது, உணவின் மொத்த வெப்ப வாயுவில் போக்குவரத்தின் பங்கு குறைவுதான், அதைப் பிடித்துக்கொண்டு அடிப்பது நியாயம் இல்லை. என் குறை வேறு. அதே ஆய்வில் சோயா பாலுக்கும் ஒரு கிலோவுக்குக் குறைவான வெப்ப வாயுதான், தண்ணீர் 28 லிட்டர், புரதமோ பாலை எட்டிப்பிடிக்கும், சோயாவோ மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் மலைபோல் விளைகிறது. ராத்திரி ஊறவைத்து, தோலை நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்தால் வீட்டிலேயே லிட்டர் 30 ரூபாய்க்குள் முடிகிறது. அதில் தயிர்கூட ஒரு மாதிரி தோய்கிறது, மாமியார் அதற்குப் பாஸ் மார்க் போட்டார். காபியில் மட்டும் ஓட்ஸ்தான் ருசி. பாதாம் பாலை எடுக்க வேண்டாம், வாயு குறைவு என்றாலும் லிட்டருக்கு 371 லிட்டர் தண்ணீர், கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைக் குடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அந்தத் தண்ணீர் வேறு ஊர்த் தண்ணீராகவே இருந்தாலும்.

யார் வாங்கலாம்? பால் குடித்தால் வயிறு உப்பி, கழிச்சல் ஆகிறவர்கள், தென்னிந்தியர்களில் அவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை, தாராளமாக வாங்கலாம், காபியை இழக்க வேண்டியதில்லை. விலங்கிலிருந்து எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் நல்ல பொருள், அந்த முடிவுக்கு என் மரியாதை உண்டு. சுற்றுச்சூழலுக்காக மட்டும் என்றால், உங்கள் வீட்டில் தினமும் இரண்டு லிட்டர் பால் வாங்கிப் பாதியை மில்க்‌ஷேக்காகவும் பன்னீராகவும் தீர்க்கிறீர்கள் என்றால் அங்கே குறையுங்கள். ஒரு கிலோ பன்னீருக்கும் நெய்க்கும் எவ்வளவு பால் கரைகிறது என்று யோசித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டனை மாதத்தில் ஒன்றிரண்டு வாரம் கோழியாகவோ பருப்பு உருண்டைக் குழம்பாகவோ மாற்றினால் அதன் பலன் பெரிது, ஆடும் அசைபோடும் விலங்குதான். எங்கள் வீட்டில் நந்தினி அரை லிட்டராகக் குறைந்திருக்கிறது, தயிருக்கும் மாமியார் காபிக்கும் அது போதும். மகளுக்கு ஓட்ஸ். எனக்கு ஒரு வேளை நந்தினி, ஒரு வேளை ஓட்ஸ்.

கம்பெனிகளிடம் கேட்பது: உலகச் சராசரிப் பாலோடு ஒப்பிடாமல் இந்தியப் பாக்கெட் பாலோடு ஒப்பிட்டு எழுதுங்கள், ஓட்ஸ் எந்த நாட்டிலிருந்து என்று போடுங்கள், புரத அளவைப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிக்காமல் முன்பக்கம் போடுங்கள். அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் என்று அடுக்கடுக்காக ஒட்டிய டப்பாவை எங்கள் தெருவில் வரும் பழைய பேப்பர்க்காரர் எடுப்பதில்லை, நந்தினி பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். டப்பாவை வெட்டி விரித்து, அலசி, வார்டு உலர் கழிவு மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதையாவது செய்யுங்கள்.

மதிப்பெண்: காபிக்கு 4, டீக்கு 3, பாயசத்துக்கு 1, தயிருக்கு பூஜ்யம். விலைக்கு 2. டப்பாவின் பின்பக்கத்துக்கு இரண்டரை.